கியூபெக்: சண்டை மொழிக்கா, முதலாளி நாற்காலிக்கா?

வடலி:

வேறோர் இழையில் ஒருவர் "கியூபெக்காரருக்கு மொழிவெறி, வேறொன்றுமில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போயிருந்தார். அங்கேயே பதில் எழுதினால் தலைப்பு திசைமாறிவிடும். அதனால்தான் இந்தத் தனி இழை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடாவில் பிரெஞ்சு பேசுவோருக்கும் (அவர்கள் பெரும்பான்மையாக இருப்பது கியூபெக் மாகாணத்தில்) ஆங்கிலம் பேசுவோருக்கும் இடையே நடந்ததை வெறும் மொழிச் சண்டையாகப் பார்த்தால் எதுவும் புரியாது. தொழிற்சாலையில் கட்டளை போடுகிறவன் யார், அதைக் கேட்டு வேலை செய்கிறவன் யார் என்பதுதான் அதன் அடி.

1759 செப்டம்பர் 13. கியூபெக் நகரத்து மதிலுக்கு வெளியே ஆபிரகாம் சமவெளியில் பிரித்தானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போர் ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. இரண்டு பக்கத் தளபதிகளும், வுல்ஃபும் மோன்காமும், அதில் பட்ட காயத்தால் இறந்தார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் இந்த நிலத்தைக் கைகழுவியது. அதிகாரிகளும் பெரிய வணிகர்கள் பலரும் கப்பலேறிவிட்டார்கள். மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் உழவர்கள், அவர்களோடு பாதிரிமார். காலியான இடத்தில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து வணிகர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மொன்றியலின் வங்கி, கப்பல், பிறகு ரயில் எல்லாம் அவர்கள் கைக்குப் போயின. 1774 கியூபெக் சட்டம் பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததும் கத்தோலிக்க மதத்துக்கு இடம் விட்டதும் உண்மைதான். தெற்கே, பின்னாளில் அமெரிக்காவான 13 குடியேற்றங்களில் கலகம் மூளவிருந்த நேரம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் டர்ஹாம் பிரபு. 1837–38 கிளர்ச்சியை விசாரிக்க லண்டன் அனுப்பிய ஆள். பிரெஞ்சுக் கனடியர் வரலாறும் இலக்கியமும் இல்லாத மக்கள் என்று 1839 அறிக்கையில் எழுதினார். அவர்களை ஆங்கிலேயரோடு கரைத்துவிடுவதே அவர் சொன்ன வைத்தியம். அடுத்த ஆண்டே ஒன்றியச் சட்டம் வந்தது. ஆள்தொகை கூடிய கீழ்க் கனடாவுக்கும் (இன்றைய கியூபெக்) குறைந்த மேல் கனடாவுக்கும் (இன்றைய ஒன்ராறியோ) சட்டமன்றத்தில் சம இடங்கள், ஆவணங்களுக்கு ஆங்கிலம் மட்டும். அந்த மொழி விதி 1848இல்தான் நீங்கியது.

இனி நேராக 1960களுக்கு வாருங்கள். ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, அமைத்த இருமொழி, இருபண்பாட்டு ஆணையம், 1961 கணக்கெடுப்பை வைத்து கியூபெக்கில் 14 இனக்குழுக்களைச் சேர்ந்த ஆண்களின் சராசரி வருமானத்தை வரிசைப்படுத்தியது. மாகாணத்தில் ஐந்தில் நான்கு பேராக இருந்த பிரெஞ்சுக் கனடியருக்கு அதில் 12ஆம் இடம். அவர்களுக்குக் கீழே இத்தாலியரும் பூர்வகுடிகளும் மட்டுமே. சொந்த மண்ணில், பெரும்பான்மையாக இருந்துகொண்டே, 12ஆம் இடம்!

1962இல் கனடிய தேசிய ரயில்வேயின் தலைவர் டொனால்ட் கோர்டன் நாடாளுமன்றக் குழுவின் முன் இருக்கிறார். தலைமையகம் மொன்றியலில் இருந்தும் துணைத் தலைவர்களில் ஒரு பிரெஞ்சுக் கனடியர்கூட இல்லையே என்று கேட்கிறார்கள். தகுதி பார்த்துத்தான் பதவி கொடுக்கிறோம் என்ற பொருளில் பதில் சொல்கிறார். மொன்றியலில் மாணவர்கள் தெருவில் இறங்கி அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். பின்னால் வந்த 101ஆம் சட்டத்தை, அதாவது கியூபெக்கின் பிரெஞ்சு மொழிச் சட்டத்தை, விளங்கிக்கொள்ள இந்த நிகழ்ச்சி ஒன்றே போதும் என்பது என் எண்ணம்.

நெடுந்தூரம்:

வடலி அண்ணை, மொன்றியலைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. ஆனால் மொன்றியல் மட்டும் கனடா இல்லை. நான் ஒட்டாவாவில் இருக்கிறேன், இந்தப் பக்கத்துக் கதை வேறு.

மனிற்ரோபா 1870இல் உருவானபோது பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் சம உரிமை எழுதி வைத்தார்கள். அதற்காகப் போராடிய மெத்தி (பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த) இனத் தலைவர் லூயி ரியேல் 1885 நவம்பரில் ரெஜைனாவில் தூக்கிலிடப்பட்டார். 1890இல் அதே மாகாணம் பிரெஞ்சை அரசு மொழி இடத்திலிருந்து நீக்கியது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1979இல். இடையில் எத்தனை தலைமுறை போயிற்று என்று பாருங்கள். அந்தப் புல்வெளி மாகாணத்தில் இருந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் யாருடைய நாற்காலியையும் கேட்கவில்லை. பிள்ளைகள் தாய்மொழியில் படிக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

ஒன்ராறியோவில் 1912இல் 17ஆம் ஒழுங்குவிதி வந்தது. ஆரம்பப் பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சில் கற்பிக்கக் கூடாது. ஒட்டாவாவின் லோயர் டவுனில் கீக் பள்ளி என்று ஒன்று. தெலோஜ் என்ற குடும்பத்து அக்காவும் தங்கையும் அங்கே ஆசிரியைகள். விதிக்குப் பணிய மாட்டோம் என்றதும் அவர்களை வெளியேற்றினார்கள். 1916 ஜனவரிக் குளிரில் தாய்மார் பள்ளி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் பெரிய தொப்பியைக் கொண்டையோடு சேர்த்துக் குத்தும் நீள ஊசி இருக்கிறதே, அதைக் கையில் பிடித்துக்கொண்டு பொலிசை உள்ளே விடாமல் தடுத்தார்கள். உள்ளே அக்காவும் தங்கையும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். விதி 1927இல்தான் தளர்ந்தது.

இதை மொழிக்கான போராட்டம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அதோடு படையில் ஆள்சேர்ப்பு. 1917இல் கட்டாய ராணுவச் சேவை வந்தபோது கியூபெக் கொதித்தது. 1918 ஈஸ்டர் நாள்களில் விலக்குப் பத்திரம் கையில் இல்லாத ஓர் இளைஞனைப் பிடித்ததில் கியூபெக் நகரத்தில் கலவரம் தொடங்கியது. ஒன்ராறியோவிலிருந்து கொண்டுவந்த படை சுட்டதில் பொதுமக்கள் நான்கு பேர் இறந்தார்கள். 1942இல் இதே கேள்வியை நாடு முழுவதும் வாக்குக்கு விட்டார்கள். கியூபெக்கில் பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்றார்கள், மற்ற மாகாணங்களில் பெரும்பான்மை வேண்டும் என்றது. ஒரே வாக்குச் சீட்டு, இரண்டு நாடு மாதிரியான விடை.

வடலி:

தொப்பி ஊசிக் கதை எனக்குப் புதிது, நன்றி. கியூபெக்குக்கு வெளியே பள்ளிதான் களம் என்பதை ஏற்கிறேன். ஆனால் அங்கெல்லாம் பிரெஞ்சு தேய்ந்துபோனதைப் பார்த்துத்தான், நமக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு மாகாணம் என்ற எண்ணம் கியூபெக்கில் உறுதிப்பட்டது. 1960க்கு முன் அவர்கள் தங்களைப் பிரெஞ்சுக் கனடியர் என்று சொன்னார்கள். ஜான் லெசாஜ் ஆட்சிக்கு வந்தபிறகு கியூபெக்குவா என்று சொல்லத் தொடங்கினார்கள். 1962 தேர்தலில் "நம் வீட்டில் நாமே எசமான்" என்று கேட்டு வென்று, மின்சாரக் கம்பனிகளை அரசுடைமை ஆக்கினார்கள். அதை முன்னின்று செய்த அமைச்சர் ரெனே லெவெக், பின்னாளில் பிரிவினைக் கட்சியின் தலைவர். வேலை, முதலாளி, மொழி மூன்றும் அந்த இடத்தில் ஒன்றாகப் பின்னிவிட்டன.

கயல்514:

இருவரும் பெரிய ஆட்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். 1960களுக்குப் பிறகு இந்தச் சண்டை நடந்த களம் எது என்று நான் சொல்கிறேன்: வந்தேறு குடிகளின் பிள்ளைகள். என்னைப் போன்றவர்கள்.

அதுவரை பிரெஞ்சுக் கனடியர் எண்ணிக்கையில் தாக்குப்பிடித்தது குடும்பத்துக்குப் பத்துப் பிள்ளைகள் பெற்றதால். 1960களில் பிறப்பு விகிதம் சடசடவென்று விழுந்தது. வெளியிலிருந்து வந்த இத்தாலியர், கிரேக்கர், போர்த்துக்கேயர் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்குத்தான் அனுப்பினார்கள். வடலி அண்ணை சொன்ன 12ஆம் இடம்தான் காரணம். சம்பளம் எந்த மொழியில் இருக்கிறது என்று எந்த அம்மா அப்பாவுக்கும் தெரியும்.

இதில் பலர் சொல்லாமல் விடும் சங்கதி ஒன்று உண்டு. கியூபெக்கில் பள்ளி வாரியங்கள் மொழிப்படி இருக்கவில்லை, மதப்படி இருந்தன. ஒன்று கத்தோலிக்கம், மற்றது புரொட்டஸ்தாந்து. பிரெஞ்சுப் பள்ளிகள் பெரும்பாலும் கத்தோலிக்க வாரியத்தில். யூதப் பிள்ளைகளும் கிரேக்க ஓர்த்தோடொக்ஸ் பிள்ளைகளும் புரொட்டஸ்தாந்து வாரியத்துக்குப் போனார்கள், அங்கே படிப்பு ஆங்கிலத்தில். ஆக, வந்தவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தார்கள் என்று குறை சொன்ன அதே சமூகம், பல காலம் அவர்களுக்குத் தன் வாசலைத் திறக்கவில்லை. 1998இல்தான் வாரியங்கள் மொழிப்படி பிரிக்கப்பட்டன.

1968இல் மொன்றியலின் சென் லெயோனார் பகுதி வாரியம், முதலாம் வகுப்பு இனிப் பிரெஞ்சில் மட்டும் என்றது. இத்தாலியப் பெற்றோர் மறுத்து, வீடுகளின் நிலவறைகளில் வகுப்பு நடத்தினார்கள். 1969 செப்டம்பரில் தெருக் கலவரமே வந்தது. அரசு முதலில் விரும்பிய மொழியில் படிக்கலாம் என்று ஒரு சட்டம் போட்டது. பிரெஞ்சுத் தரப்பு கொதித்தது. 1974இல் 22ஆம் சட்டம் வந்தது. அதன்படி ஆங்கிலப் பள்ளியில் சேர, பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியுமா என்று பரீட்சை வைத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு! இந்தத் தடவை இரண்டு தரப்பும் கொதித்தன.

பிறகு 1976 நவம்பரில் லெவெக்கின் கட்சி வென்றது. 1977 ஓகஸ்ட் 26இல் காமிய் லோரன் கொண்டுவந்த 101ஆம் சட்டம் நிறைவேறியது. பள்ளி, வேலைத்தலம், கடைப்பலகை எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு. ஆங்கிலப் பள்ளிக்குப் போக வேண்டுமானால் அம்மாவோ அப்பாவோ கியூபெக்கில் ஆங்கிலத்தில் ஆரம்பக் கல்வி படித்திருக்க வேண்டும். பின்னாளில் அரசியல் சாசனத்தின் வழியாக, கனடாவில் எங்கே ஆங்கிலத்தில் படித்திருந்தாலும் போதும் என்று இந்த நிபந்தனை தளர்ந்தது.

என் அம்மா சபனெல் தெருவில் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். நாங்கள் இருந்தது பார்க் எக்ஸ்ரென்சனில். நான் போனது வரவேற்பு வகுப்பு, அதாவது புதிதாக வந்த பிள்ளைகள் வழமையான வகுப்புக்குப் போகுமுன் பிரெஞ்சு மட்டும் படிக்கும் வகுப்பு. மேசைக்கு மேசை வேறு நாடு: ஹெயிட்டி, வியட்நாம், வங்காளதேசம், நாங்கள். ஆசிரியை கரும்பலகையில் குளிர்கால உடுப்புகளை ஒவ்வொன்றாக வரைந்து பெயர் சொல்லித் தருவார். கையுறை, கழுத்துத்துணி, சப்பாத்து. மூன்றாவது மாதம் ஹெயிட்டிப் பிள்ளையோடு நான் சண்டை பிடித்ததே பிரெஞ்சில்தான். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, தொலைக்காட்சியில் ஆங்கிலம். இன்று எனக்கு மூன்றும் சரளம். ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள்மாருக்கு அது இல்லை. 101ஆம் சட்டம் எனக்கு நல்லது செய்தது என்று நான் மனதாரச் சொல்வேன்.

மாம்பலத்தான்:

கயல், உங்களுக்கு நல்லதாக அமைந்தது குறித்து மகிழ்ச்சி. ஆனால் இதற்கு விலை கொடுத்தவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நான் மாண்ட்ரியலில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஆங்கிலக்காரர்கள் பலர் மூன்று நான்கு தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். எல்லோரும் வெஸ்ட்மவுண்ட் மாளிகைக்காரர்கள் இல்லை. பாயின்ட் செயின்ட் சார்ல்ஸில் இருந்த ஐரிஷ் தொழிலாளிகளுக்கு எந்த முதலாளி நாற்காலி இருந்தது?

1978 ஜனவரியில் சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் தலைமையகத்தை டொரண்டோவுக்கு மாற்றுவதாக அறிவித்தது, மொழிச் சட்டத்தைக் காரணம் காட்டியது. அப்படி வெளியேறியது அந்த நிறுவனம் மட்டுமல்ல. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கியூபெக்கில் 1971இல் ஏறக்குறைய 7.9 லட்சம், 2001இல் 5.9 லட்சம். பிள்ளைகள் போய்விட, பெரியவர்கள் தனியாக மிஞ்சிய வீடுகள் அந்த ஊரில் ஏராளம்.

கடைப்பலகையில் பிரெஞ்சு மட்டுமே இருக்கலாம் என்ற விதி கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சில நாள்களிலேயே கியூபெக் அரசு சாசனத்தில் இருக்கும் விலக்குப் பிரிவைப் பயன்படுத்தி அதைத் தாண்டியது. ஐ.நா. மனித உரிமைக் குழு 1993இல் கண்டித்தது. அதே ஆண்டு பிரெஞ்சு மேலோங்கி இருந்தால் போதும், மற்ற மொழியும் இருக்கலாம் என்று தளர்த்தினார்கள். 20 வருடம் கழித்து, ஓர் இத்தாலிய உணவகத்தின் பட்டியலில் பாஸ்தா என்று எழுதியிருந்ததற்கு மொழி அலுவலகம் கடிதம் அனுப்பியது. உலகம் முழுக்கச் செய்தியாகி, அலுவலகத் தலைவி பதவி விலகினார். தற்காப்புக்குத் தொடங்கியது அடுத்தவனைச் சீண்டுவதாக மாறும் இடம் ஒன்று இருக்கிறது. கியூபெக் அதைச் சில தடவை தாண்டியிருக்கிறது.

வடலி:

சன் லைஃப் பற்றி ஒரு சொல். பங்குச் சந்தையிலும் நிதித் தொழிலிலும் ரொறன்ரோ முந்தத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே. 1959இல் சென் லோரன்ஸ் நீர்வழி திறந்ததும் பெரிய கப்பல்கள் மொன்றியலில் நிற்காமல் நேராக ஏரிகளுக்குள் போகத் தொடங்கின. 101ஆம் சட்டம் இதை வேகப்படுத்தியது, தொடங்கி வைக்கவில்லை. மற்றபடி, பாயின்ட் செயின்ட் சார்ல்ஸ் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி.

பழைய தபால்:

தம்பி தங்கச்சிமாரே, நான் எண்பதுகளின் நடுவில் மொன்றியலுக்கு வந்தவன். அப்போது ஈழத்திலிருந்து வந்த எங்களில் கனபேர் முதலில் இறங்கியது இங்கேதான். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் கண்டெடுக்கப்பட்ட 155 பேரிலும் பலர் மொன்றியலுக்கு வந்தார்கள். பிறகு வேலை தேடி அரைவாசிச் சனம் ரொறன்ரோவுக்குப் போய்விட்டது, மொழியும் அதற்கொரு காரணம்.

வன்முறைக் காலத்தை யாரும் தொடவில்லை. 1963இலிருந்து கியூபெக்கின் விடுதலை கேட்ட எஃப்.எல்.கியூ. என்ற இயக்கம் வெஸ்ட்மவுண்டில் தபால் பெட்டிகளுக்குள் குண்டு வைத்தது. 1970 ஒக்ரோபர் 5இல் பிரித்தானிய வணிகத் தூதர் ஜேம்ஸ் குரொஸ்ஸையும், 10இல் மாகாண அமைச்சர் பியேர் லாப்போர்ட்டையும் கடத்தினார்கள். 16ஆம் திகதி விடியற்காலை பிரதமர் துரூடோ போர்க்காலச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மறுநாள் லாப்போர்ட்டின் உடல் ஒரு காரின் பின்பெட்டியில் கிடந்தது. ஐந்நூறு பேரளவில் பிடித்தார்கள். பாடகர்கள், கவிஞர்கள், தொழிற்சங்கக்காரர். பெரும்பாலானோரைக் குற்றச்சாட்டே இல்லாமல் விட்டுவிட்டார்கள். நடந்த கொலையைக் கியூபெக் மக்கள் வெறுத்தார்கள், அந்த இயக்கம் அதோடு சாய்ந்தது. தெருவில் நின்ற ராணுவத்தையும் அவர்கள் மறக்கவில்லை. எங்களைப் போல நாட்டில் ராணுவத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே மனதில் இருக்கும் என்பதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1980இல் கியூபெக்கின் தனி இறைமை பற்றி நடந்த வாக்கெடுப்பில் லெவெக்கின் பக்கம் 60க்கு 40 என்று தோற்றது. 1981 நவம்பரில் ஒட்டாவாவில் சாசனப் பேச்சு. லெவெக் ஆற்றுக்கு அக்கரையில் ஹல்லில் படுக்கப் போனார். இரவோடு இரவாக மற்ற மாகாணங்களும் ஒட்டாவாவும் பேசி முடித்துவிட்டன. காலையில் வந்தவருக்கு முடிந்துபோன காரியத்தைக் காட்டினார்கள். 1982 சாசனத்தில் கியூபெக் இன்றுவரை கையெழுத்து வைக்கவில்லை. அதைச் சரிசெய்ய எடுத்த மீச் ஏரி ஒப்பந்தம் 1990இல் செத்தது. அந்தக் கோபம்தான் 1995இன் இரண்டாவது வாக்கெடுப்பு.

1995 ஒக்ரோபர் 30 இரவு எனக்கு மறக்காது. தொலைக்காட்சியில் ஒரு கோடு ஆம் பக்கமும் இல்லை பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. தொடக்கத்தில் ஆம் முந்தியது, மொன்றியல் பெட்டிகள் எண்ண எண்ண இறங்கியது. 50.58க்கு 49.42. வித்தியாசம் 54,288 வாக்கு. வாக்களித்தவர்கள் 93 விழுக்காட்டுக்கு மேல். தோற்றதும் மாகாண முதல்வர் பாரிசோ மேடையேறி, காசும் இனக்குழு வாக்குகளும் எங்களைத் தோற்கடித்தன என்றார். அந்த இனக்குழுவில் நானும் ஒருவன். இங்கே வரி கட்டி, பிள்ளைகளைப் பிரெஞ்சில் படிப்பித்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து நீ எங்களில் ஒருவன் இல்லை என்று சொன்னது மாதிரி இருந்தது. அவருடைய ஆட்களிலேயே பலர் வெட்கப்பட்டார்கள். மறுநாள் பதவி விலகுவதாக அறிவித்தார்.

வாக்கெடுப்புக்குச் சில நாள் முன் வடக்கே கிறீ மக்கள் தாங்களே ஒரு வாக்கெடுப்பு வைத்து, 96 விழுக்காடு பேர் கனடாவை விட்டுப் போக மாட்டோம் என்றார்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் பங்குபோட்ட நிலம் யாருடையது என்பதை அவர்கள் அல்லவா கேட்க வேண்டும்.

நெடுந்தூரம்:

பழைய தபால் அண்ணை, கடைசிப் பந்திக்கு நன்றி. இரண்டு தரப்பும் "நிறுவிய இரண்டு இனங்கள்" என்று பேசும்போது காணாமல் போவது அவர்கள்தான்.

மாம்பலத்தான்:

சரி, கயல், உங்களிடம் ஒரு கேள்வி. 101 நல்லது செய்தது என்கிறீர்கள். 2022இல் பிரெஞ்சை இன்னும் கட்டாயமாக்கி வந்த 96ஆம் சட்டத்தையும் அப்படியே ஏற்கிறீர்களா?

கயல்514:

இல்லை அண்ணா. 101 வந்தபோது பிரெஞ்சுக்காரர் மேலதிகாரியிடம் தன் மொழியில் பேச முடியாத நிலை இருந்தது, அதை மாற்ற ஒரு பலமான சட்டம் வேண்டியிருந்தது. 96 வந்தபோது மாகாணத்தில் முதலாளியும் அமைச்சரும் அதிகாரியும் பிரெஞ்சுக்காரர். புதிதாக வந்தவருக்கு, சில விலக்குகள் தவிர, ஆறு மாதத்துக்குப் பிறகு அரசு பிரெஞ்சில்தான் பதில் சொல்லும் என்கிறது சட்டம். இரவு வேலை செய்துகொண்டு, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு, ஆறு மாதத்தில் ஓர் அகதி எவ்வளவு படிக்க முடியும்? என் அம்மாவுக்கு இரண்டு வருடம் பிடித்தது, அதுவும் தொழிற்சாலையில் பக்கத்துத் தையல் மெசினில் இருந்த கியூபெக் பெண் சலிக்காமல் பேசியதால். மாலை வகுப்புகளைக் கூட்டட்டும், வகுப்புக்குப் போகிறவருக்கு வேலைத்தலத்தில் நேரம் கொடுக்கச் செய்யட்டும். அதைச் செய்துவிட்டு ஆறு மாதம் பற்றிப் பேசலாம்.

அதே நேரம் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். வட அமெரிக்காவில் 35 கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு நடுவில் பிரெஞ்சு பேசும் சில மில்லியன் பேர். என் மகனும் அவன் நண்பர்களும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு, பஸ்ஸில் ஏறியதும் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். ஒருவருக்கும் கோபமில்லை, யூடியூப் அந்த மொழியில் இருக்கிறது, அவ்வளவுதான். முதலாளி நாற்காலியைச் சட்டம் போட்டு மாற்ற முடிந்தது, இதை எந்தச் சட்டம் மாற்றும் என்று எனக்குத் தெரியவில்லை.

நெடுந்தூரம்:

நியூ பிரன்சுவிக்கையும் ஒருமுறை பாருங்கள். 1755இல் கிழக்குக் கரையோரம் இருந்த பிரெஞ்சுக் குடிகளான அக்காடிய மக்களில் ஆயிரக்கணக்கானோரைப் பிரித்தானியர் கப்பலேற்றி நாடுகடத்தினார்கள். திரும்பி வந்தவர்களின் வழிவந்தவர்கள் இன்று அந்த மாகாணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 1969இல் அக்காடியரான லூயி ரொபிஷோ முதல்வராக இருந்தபோது இரண்டு மொழிக்கும் சம இடம் கொடுக்கும் சட்டம் வந்தது. சாசனத்தில் இருமொழி என்று எழுதப்பட்ட ஒரே மாகாணம் அதுதான். அங்கேயும் பள்ளிப் பேருந்து, ஆம்புலன்ஸ் ஊழியர் என்று வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆனால் பிரிந்து போகும் பேச்சு இல்லை.

வடலி:

அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நான் வந்து எழுதுகிறேன். அக்காடியர் கதையை இதற்குள் அடக்க முடியாது.

பழைய தபால்:

தங்கச்சி கயல், ஒரு உதவி. எங்கள் ஆட்கள் ஒருவர் பலசரக்குக் கடை எடுத்திருக்கிறார். 2025 ஜூன் 1 முதல் வெளிப்பலகையில் பிரெஞ்சு இரண்டு மடங்கு இடம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். பலகையில் தமிழும் ஆங்கிலமும்தான் இருக்கிறது. தமிழை எடுக்க வேண்டுமா?

கயல்514:

எடுக்கத் தேவையில்லை அண்ணை. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து பிடிக்கிற இடத்தைப் போல இரண்டு மடங்கு பிரெஞ்சுக்கு இருக்க வேண்டும், அதே அளவு தெளிவாக வாசிக்கவும் முடிய வேண்டும். கடை என்ன விற்கிறது என்பதைப் பிரெஞ்சில் பெரிதாக மேலே போடச் சொல்லுங்கள். பலகை செய்யக் கொடுக்குமுன் மொழி அலுவலகத்தைக் கூப்பிட்டு, வரைபடத்தைக் காட்டிக் கேட்டால் நல்லது. வேண்டுமானால் நானே அவரோடு பேசுகிறேன், தனிமடலில் எண்ணை அனுப்புங்கள்.